வாய்க்கால்ல வெங்காயத்தாமரை: ஊராட்சி நோட்டீஸ் விட்டு ஃபைன் போட முடியுமா?

கேள்வி, ஏப்ரல் 19, 2025

நான் மன்னார்குடி பக்கம். எங்க ஊர் வாய்க்கால்ல தண்ணி கண்ணுக்குத் தெரியல, வெங்காயத்தாமரைதான் தெரியுது. கரை ரெண்டு பக்கமும் காட்டாமணக்கு. வருஷா வருஷம் தூர்வாரினோம்னு போர்டு வைக்கிறாங்க, ஆடி முடியிறதுக்குள்ள பழையபடி மூடிக்குது. வாய்க்கால் ஓரத்துல நிலம் வச்சிருக்கவங்க அவங்கவங்க எல்லையை அவங்கவங்களே சுத்தம் பண்ணணும், செய்யாதவங்களுக்கு ஊராட்சி நோட்டீஸ் விட்டு ஃபைன் போடணும்ங்கிறது என் கருத்து. நாலு பேருக்குப் போட்டா மிச்சப்பேர் தானா மம்பட்டிய எடுப்பாங்க. இதுக்கு சட்டம் ஏதும் இருக்கா?

ஏப்ரல் 19, ராத்திரி

தம்பி, சட்டம் இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சென்னை மாகாணத்துல 1919ல போட்ட விவசாயப் பூச்சி, நோய்கள் சட்டம். பேர்ல பூச்சியும் நோயும்தான் இருக்கும், உள்ள களையும் சேர்த்திதான். அரசாங்கம் ஒரு செடியை, இந்த ஏரியாவுல, இன்ன காலத்துக்கு கேடு செய்யற களைன்னு அறிவிக்கை போடும். போட்டாச்சுன்னா அந்த ஏரியாவுல நிலத்தை அனுபவிக்கிறவர் சொன்ன முறைப்படி அதை அழிச்சாகணும். ஆபீசர் நிலத்துல இறங்கிப் பாக்கலாம், நோட்டீஸ் குடுக்கலாம், அப்பவும் செய்யலன்னா ஆள் விட்டு எடுத்துட்டு அந்த செலவை நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம். கர்நாடகாவுல 1975ல பார்த்தீனியத்தை அவங்க சட்டத்துல இப்படித்தான் அறிவிச்சாங்க.

ஆனா அறிவிக்கை போடுறது அரசாங்கம், ஊராட்சி இல்ல. இதை மனசுல வச்சுக்கங்க.

நானும் உங்க கட்சிதான். கோரையாத்துப் பாசனத்துல அஞ்சு ஏக்கர் நமக்கு. அஞ்சு வருஷம் வார்டு உறுப்பினரா இருந்தேன், இந்த ஜனவரியோட எங்க மாவட்டத்துல பதவிக்காலம் முடிஞ்சு இப்ப தனி அலுவலர் கையில இருக்கு. அந்த அஞ்சு வருஷமும் கூட்டத்துக்குக் கூட்டம் ஃபைன் ஃபைன்னு நான்தான் கத்திக்கிட்டு இருந்தேன்.

ஏப்ரல் 20

காட்டாமணக்குன்னு நீங்க சொல்றது எது? டீசல் எடுக்கலாம்னு ஒரு காலத்துல எல்லாரையும் நட வச்சாங்களே அந்த காட்டாமணக்கு வேற. நம்ம கரையில ரோஸ் கலர்ல புனல் மாதிரி பூத்துக்கிட்டு நிக்கிறது நெய்வேலி காட்டாமணக்கு. மனு எழுதும்போது பேரை சரியா போடுங்க, பேரு தப்பா இருக்குன்னே ஒருதடவை என் மனு திரும்பி வந்திருக்கு. வெங்காயத்தாமரையத்தான் ஆகாயத்தாமரைன்னும் சொல்றாங்க, காம்பு அடியில வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். அது எந்தப் பேரைப் போட்டாலும் ஆபீஸ்ல புரிஞ்சுக்கறாங்க.

ஏப்ரல் 24

முதல் பதிவுல ஒண்ணை விட்டுட்டேன், அதுதான் முக்கியமே. நோட்டீஸ் விடலாம் சரி, யார் பேருக்கு விடுறது?

வாய்க்கால் உங்க நிலம் இல்ல தம்பி, என் நிலமும் இல்ல. விஏஓ கிட்ட இருக்க ஊர் நிலக் கணக்கு, அ-பதிவேடுன்னு பேரு, அதுல பாத்தா வாய்க்கால் புறம்போக்குன்னு இருக்கும். ஆறும் ஏ, பி பிரிவு வாய்க்காலும் நீர்வளத்துறை பராமரிப்பு. அதுல இருந்து பிரியற சி, டி வாய்க்கால் ஊராட்சி தலையில. 100 நாள் வேலையிலதான் பெரும்பாலும் அதை வெட்டுறது. செடிக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. பி வாய்க்கால் தலைப்புல, அதாவது மேல்முனையில நிக்கிற ஒரு கொத்து, ஷட்டரைத் தூக்குன உடனே சி வாய்க்காலுக்கு வந்துரும். நாங்க சி வாய்க்கால 40 பேர் வச்சு 9 நாள் எடுத்தோம், பத்தாவது நாள் மேல இருந்து ஒரு மெத்தை மாதிரி மிதந்து வந்து அதே இடத்துல உக்காந்துக்கிச்சு. அன்னிக்கு வேலை செஞ்ச பொம்பளைங்க மொகத்தைப் பாக்க முடியல என்னால.

அப்ப 1919 சட்டப்படியே நிலத்தையும் நீரையும் வச்சிருக்கவர் பேருக்குத்தான் நோட்டீஸ்னு எடுத்துக்கிட்டா, பாதி நோட்டீஸ் அரசாங்கத்துக்கும் ஊராட்சிக்கும்தான் போகணும். ஓரத்து நிலக்காரன மட்டும் புடிச்சா அது நியாயமா வராது. இப்ப தோணுது இது, அஞ்சு வருஷம் தோணல.

மே 2

நேத்து மே 1 கிராம சபை. எல்லாத்தையும் எழுதி எடுத்துக்கிட்டு போயிருந்தேன். வாய்க்காலை ஒட்டி பட்டா வச்சிருக்கவங்க கரையில இருக்க காட்டாமணக்கை 30 நாள்ல எடுக்கணும், இல்லன்னா நடவடிக்கைன்னு தீர்மானம் போடுங்கன்னு நான்தான் எழுந்து பேசினேன். மேலத்தெரு பெரியம்மா ஒருத்தங்க, எழுபது வயசுக்கு மேல, 100 நாள் வேலைக்கு இன்னும் வர்றவங்க, உக்காந்த இடத்துலயே கேட்டாங்க: "ஒன் களத்துக்கு வடக்க நிக்கிறது என்னாப்பா, செம்பருத்தியா?"

வீட்டுக்கு வந்து பாத்தேன். களத்து மேட்டுக்கு வடக்க வாய்க்கால் ஓரமா நூத்தம்பது அடிக்கு நெய்வேலி காட்டாமணக்கு, எங்கப்பா வேலிக்காக ஊனுனது. அந்தக் காலத்துல நல்ல வேலி அது, ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணி ஊத்த வேணாம், ஒரு கழியை ஒடிச்சு சொருகுனா போதும். தெனம் அதைத் தாண்டித்தான் வயலுக்குப் போறேன், வேலின்னுதான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, களைன்னு தெரியல. வெட்டுற கழி ஒவ்வொண்ணும் தண்ணியில விழுந்தா கீழ எங்கியோ ஈரமண்ணுல வேர் விடும். அப்படி எத்தனை விட்டிருப்பேனோ. கீழ ரெண்டு ஊர் இருக்கு.

தீர்மானத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சாச்சு. என் வேலியை முதல்ல எடுக்குறேன்.

மே 5

"வெட்டுறதுக்கு எதுக்கு கஷ்டப்படுறீங்க, டூ-ஃபோர்-டி களைக்கொல்லி அடிச்சா பத்து நாள்ல காஞ்சிரும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். அய்யா, காயும், இல்லன்னு சொல்லல. காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் ரெண்டுமே அதுக்கு சாகும். நான் பட்டதை சொல்றேன், அப்புறம் முடிவு பண்ணுங்க.

சம்பா அறுப்பு முடிஞ்சு பக்கத்து வயல்ல பருத்தி போட்டிருந்தாங்க, முழங்கால் உசரம். நான் கரையில இருந்த காட்டாமணக்குக்கு காலையில எட்டு மணி போல மருந்து அடிச்சேன், கடையில குடுத்தது எஸ்டர் வகை. காத்து லேசாத்தான் இருந்துச்சு. பத்து பன்னெண்டு நாள் கழிச்சு பருத்தி இலை எல்லாம் விரிவே இல்லாம வெண்டை இலை மாதிரி ஒடுங்கி, நரம்பு நரம்பா சுருண்டு நிக்குது. பக்கத்து வயல் அண்ணன் வைரஸ்னு நெனச்சு ரெண்டு தடவை பூச்சிமருந்து வேற வாங்கி அடிச்சிருக்கார். டூ-ஃபோர்-டி அகல இலைச் செடிங்களுக்கானது, அதுலயும் பருத்திக்கு அதோட வாடையே ஆகாது. எஸ்டர் வகை அடிச்ச பிறகும் ஆவியாகி நகரும், உப்பு வகை அந்தளவுக்குப் போகாது. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நானே போய் சொன்னேன் அவர்கிட்ட. அரை ஏக்கருக்கு நஷ்டம் குடுத்தேன், வாங்க மாட்டேன்னார், அண்ணி கையில குடுத்துட்டு வந்தேன். இன்னமும் அவர் பேசுறார், ஆனா மருந்து டிரம் எடுக்குறப்பல்லாம் வரப்புல வந்து நின்னு பாக்கிறார்.

நம்ம பக்கம் தை மாசிக்கு மேல உளுந்து, பயறு, பருத்தி எல்லாம் அகல இலைதான். வாய்க்கால் காலியா இருக்க காலமும் அதேதான். அதனால கரையில மருந்துங்கிறது டெல்டாவுக்கு ஒத்து வராத யோசனைன்னு நான் நெனைக்கிறேன். கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லியும் 2022 அக்டோபர்ல இருந்து பூச்சி ஒழிப்பு லைசென்ஸ் வச்சிருக்கவங்க மூலமாத்தான் அடிக்கலாம்னு மத்திய அரசு கட்டுப்படுத்திருச்சு, நீங்களும் நானும் வாங்கி அடிக்கக் கூடாது. அந்தத் தண்ணியிலதான் மாடு குளிக்குது, பிள்ளைங்களும் குளிக்குதுங்க.

மே 5, திரும்பவும்

ஸ்ப்ரேயர் விஷயம் சொல்ல மறந்துட்டேன். அந்த மருந்து அடிச்ச டிரம்ம எவ்வளவு கழுவினாலும் பயறுக்கோ பருத்திக்கோ எடுக்காதீங்க, தனியா ஒண்ணு வச்சுக்கங்க.

மே 21

இன்னிக்கு மேல வாய்க்கால்ல ஜேசிபி ஓடுது. சந்தோஷமாத்தான் போய் பாத்தேன். அள்ளுறதை கரையிலயே, தண்ணி ஓரத்துக்கு ரெண்டு அடியில கொட்டிக்கிட்டே போகுது. வெங்காயத்தாமரை நூறு கிலோ எடுத்தா 90 கிலோவுக்கு மேல தண்ணிதான், டிராக்டர்ல ஏத்தி எங்கயாச்சும் கொண்டு போகணும்னா வெறும் தண்ணிக்கு வாடகை குடுக்குற மாதிரி, அதனால எஸ்டிமேட்ல ஏத்துக்கூலியே வைக்கிறது இல்ல. டிரைவர் தம்பிகிட்ட கேட்டேன். "எனக்கு மணிக்கணக்குதான்ணே, கொட்டுறதுக்கு எடம் காட்டுங்க கொட்டுறேன்"ங்கிறார். ஞாயந்தான். எடம் காட்ட வேண்டியது ஊரு, நாங்க காட்டல.

நாளைக்கு ஒரு மழை பேஞ்சா காட்டாமணக்கு கழி எல்லாம் அந்த சேத்துலயே வேர் புடிக்கும்.

மே 22

கரையில இருந்து நாலஞ்சு நாள் வெயில்ல வதங்குனா வெயிட் பாதிக்கு மேல கொறையுதுன்னு கூத்தாநல்லூர்க்காரர் எழுதியிருக்கார். சரியான விஷயம். முதல்ல கரைக்கு அந்தப்பக்கம் சரிவுல போட்டு வாட விடணும், அப்புறம் ஏத்தணும். நேத்து கோவத்துல எழுதிட்டேன், இதை யோசிக்கல.

ஜூன் 13

நேத்து மேட்டூர் திறந்தாச்சு, ஜூன் 12ன்னா 12. போன வருஷம் ஜூலை 28 வரைக்கும் காத்துக் கிடந்தோம், குறுவையே பாதிப்பேர் போடல. அந்த வருஷம் வாய்க்கால் வெடிச்சுக் கிடந்துச்சு, வெங்காயத்தாமரை கருகி நார் மாதிரி போச்சு, சனியன் இத்தோட ஒழிஞ்சுதுன்னு நெனச்சேன். தண்ணி வந்து மூணு வாரத்துல சேத்துல இருந்து குட்டி குட்டியா மொளைச்சு வந்துச்சு. வெதை சேத்துக்குள்ள பதினஞ்சு இருபது வருஷம் கூட உசுரோட கிடக்குமாம். ஒரு செடி பூத்து வெதை விட விட்டா, அப்புறம் என் மகன் காலத்துக்கும் எடுத்துக்கிட்டே இருக்கணும். வளர்ச்சின்னா நல்ல சூட்டுல ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ரெண்டு பங்காகும், கணக்குப் போட்டுப் பாருங்க, இன்னிக்கு கால்வாசி மூடியிருந்தா ஒரு மாசத்துல முழுசா மூடிரும்.

அதனால தம்பி, உங்க முதல் கேள்வியில இருக்க "அவங்கவங்க எல்லை"ங்கிறதை நான் இப்ப ஒத்துக்க மாட்டேன். மிதக்கிற செடிக்கு எல்லை கிடையாது. தலைப்புல ஆரம்பிச்சு கடைமடை வரைக்கும் வரிசையா, ஒரே வாரத்துல எடுத்தாத்தான் எடுத்த மாதிரி. நடுவுல ஒரு ஊர் விட்டாலும் கீழ இருக்கவங்க உழைப்பு வீண்.

ஜூன் 29

இந்தச் செடியில கொசு பெருகுதுன்னு சொல்லி சுகாதாரச் சட்டத்துல நடவடிக்கை எடுக்கலாமேன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. நல்ல யோசனை. 1939 பொது சுகாதாரச் சட்டத்துல கொசு ஒழிப்புக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு. குளம் குட்டைக்கு, வீட்டு ஓர சாக்கடைக்கு அது உதவும். ஓடுற வாய்க்காலுக்கு உதவாதுன்னு நெனைக்கிறேன்.

ஜூலை 11

பேச்சு சீமைக்கருவேலத்துக்குப் போயிருச்சு, போகட்டும். காமராஜர் கொண்டு வந்து தூவுனார்னு மறுபடி ஒருத்தர் எழுதியிருக்கார், அது தப்புங்க. 1877லயே வெதை இந்தியாவுக்கு வந்துருச்சு, விறகுக்காக வெள்ளைக்கார வனத்துறை அதிகாரிங்க வரவழைச்சது, அப்ப காமராஜர் பொறக்கவே இல்ல. 2017ல மதுரை ஹைகோர்ட் எல்லாத்தையும் எடுங்கன்னு உத்தரவு போட்டப்போ ஊரெல்லாம் ஜேசிபி எறங்குச்சு, ஞாபகம் இருக்கா? அடுத்த ரெண்டு மூணு மாசத்துல கோர்ட்டே நிறுத்தி வச்சுது. அப்புறம் 2022ல தமிழ்நாடு அரசு அன்னிய செடிகளுக்குன்னு தனி கொள்கையே கொண்டு வந்துச்சு. கருவேலத்துக்கு ஒரு வசதி இருக்கு, வெட்டுனா விறகு, கரின்னு காசு வரும், ஊராட்சி ஏலம் விடலாம். வெங்காயத்தாமரைய யாரு ஏலம் எடுப்பா? அதனாலதான் கருவேலத்துக்கு ஆள் வருது, இதுக்கு வரல.

களையைத் தின்ற பூச்சிய விடலாமேன்னு கேட்டதுக்கும் இங்கயே சொல்லிடுறேன். நடந்திருக்கு. 1926ல சிலோன்ல இருந்து ஒரு செதில் பூச்சிய கொண்டு வந்து விட்டு தென்னாட்டுல சப்பாத்திக்கள்ளிய அஞ்சாறு வருஷத்துல அடக்குனாங்க, எங்க தாத்தா சொல்வார், வெள்ளையா பஞ்சு படிஞ்ச மாதிரி ஆகி கள்ளி பொத்துனு விழுமாம். பார்த்தீனியத்துக்கு 1984ல மெக்சிகோ வண்டு. வெங்காயத்தாமரைக்கும் 1980கள்ல கூன்வண்டு கொண்டு வந்து பெங்களூர் பக்கத்து ஏரிகள்ல விட்டாங்க, வருஷக்கணக்குல வேலை செஞ்சுது. ஏரியில தண்ணி நிக்கும், வண்டு தங்கிப் பெருகும். நம்ம வாய்க்கால் தை மாசம் அடைச்சா காஞ்சிரும், ஜூன்ல வெள்ளமா வரும், வண்டு எங்க தங்கும்? ஊர்க் குளத்துல, பழைய செங்கல் சூளைக் குழியில வேணா முயற்சி பண்ணிப் பாக்கலாம், ஆராய்ச்சி நிலையத்துல கேட்டுட்டு.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. படித்துறையில பொம்பளைங்க காதோலை கருகமணி விட எடமில்லாம வெங்காயத்தாமரைய கையால விலக்கி விலக்கி விட்டாங்க. ஒரு சின்னப்பொண்ணு அந்த நீலப் பூவையே பறிச்சு தட்டுல வச்சிருந்துச்சு. அழகாத்தான் இருக்கு பூ.

ஆகஸ்ட் 16

நேத்து கிராம சபையில தீர்மானம் ஆச்சு. ஃபைன் இல்ல. எழுதுனதை அப்படியே போடல, சாரம் இது: கோடையில தண்ணி அடைச்ச பிறகு, பூ விடுறதுக்கு முன்னாடி, தலைப்புல இருந்து கீழ நோக்கி வேலை. மேல ஊர், கீழ ஊர் ரெண்டு ஊராட்சிக்கும் அதே தேதியை கேட்டு கடிதம். அள்ளுனதை கொட்ட களத்து மேட்டுக்குப் பின்னால ஊர்ப் புறம்போக்குல ரெண்டு குழி. கரையில சொந்தமா வேலி வச்சிருக்கவங்க வர்ற மாசிக்குள்ள எடுத்துக்கணும், முடியாதவங்களுக்கு ஊர் ஆள் சேந்து எடுத்துத் தரும். என் வேலி போயிருச்சு, மூணு தடவை தளிர் கிள்ளியும் ஆச்சு, இன்னும் வருது.

100 நாள் வேலையில இதை எடுத்துக்கிட்டா 2025-26 கணக்குப்படி கூலி 336 ரூபாய், ஆனா அளந்துதான் குடுப்பாங்க. மண் வெட்டுறதை கன அடியில அளக்கலாம், மிதக்கிற செடிய எப்படி அளக்குறது? போன தடவை இடுப்பளவு தண்ணியில நின்னு நாள் பூரா இழுத்தவங்களுக்கு கைக்கு வந்தது ரொம்ப கம்மி. அட்டை கடி, அரிப்பு, ஒரு அக்காவுக்கு கால்ல கண்ணாடி கிழிச்சு ஆறு தையல். கையுறையும் பூட்ஸும் குடுங்கன்னு தீர்மானத்துல சேக்கச் சொன்னேன், சேத்தாங்க. தண்ணி வத்துன பிறகு எடுத்தா இந்தக் கஷ்டத்துல பாதி இல்ல.

குடிமராமத்து, அதாவது ஊர்க்காரங்களே கூடி வாய்க்கால் ஏரிய பராமரிக்கிற பழைய முறை, திரும்ப வரணும்னு பேசுறவங்க ஒண்ணை யோசிங்க. 1858லயே அதுக்கு சட்டம் போட்டாங்க, ஆள் வரலன்னா கூலிய வசூலிக்கிற மாதிரி, பேரே கட்டாய உழைப்புச் சட்டம்னு. அப்ப யாரு எறங்கி வேலை செஞ்சிருப்பா, யாரு கரையில நின்னுருப்பான்னு நம்ம ஊர்ல சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. திரும்ப வரட்டும், ஆனா நிலம் வச்சிருக்கவன் முதல்ல எறங்கணும்.

அக்டோபர் 23

ரெண்டு நாளா மழை. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு வடிகால் பாலத்துல வெங்காயத்தாமரை வந்து அடைச்சுக்கிச்சு. அது குழாய்ப் பாலம், நாலு குழாயில மூணு அடைப்பு. மேல பக்கம் தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, கீழ பக்கம் ஒண்ணரை அடி கம்மி. சம்பா நட்டு இருபது நாள், நாலு நாள் முழுகுனா அழுகிரும். பத்து பேர் டார்ச், அரிவாள், நீளமான மூங்கில்ல கொக்கி கட்டி இழுத்தோம். தண்ணிக்குள்ள எறங்கி வெட்டலாம்னா குழாய் உறிஞ்சி இழுத்துரும், இடுப்புல கயிறு கட்டித்தான் ஒரு தம்பி எறங்குச்சு. ரெண்டு பாம்பு அந்த மெத்தை மேலயே ஒதுங்கியிருந்துச்சு. பருத்தி விஷயத்துல என்னால நஷ்டப்பட்ட அண்ணன்தான் கயித்தோட மறுமுனைய புடிச்சிருந்தார், விடியற வரைக்கும். நாலரை மணிக்கு ஒரு குழாய் திறந்துச்சு, அப்புறம் மத்ததும்.

போன் பண்ணின ஆபீஸ்ல இருந்து காலையில பத்து மணிக்கு வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. வந்த பையனைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனை ஊருக்கு அவன் ஒருத்தனோ.

அக்டோபர் 25

அந்தப் பாலத்துக்கு மேல நூறு அடியில மூங்கில் குறுக்க கட்டி வச்சா செடி அங்கயே நிக்கும்னு ஒரு யோசனை வந்திருக்கு. வடிகால்ல வேணாம். வெள்ளத்துல அதுவே ஒரு அணையாயிரும். பாசன வாய்க்கால் தலைப்புல, தண்ணி அளவா வர்ற நாள்ல, சாய்வா கட்டி ஒரு கரைக்கு ஒதுக்குற மாதிரி வச்சா சரியா வரும்.

ஜனவரி 18, 2026

பொங்கல் முடிஞ்சுது. கீழ ஊர் ஊராட்சியில இருந்து தேதிக்கு சரின்னு பதில் வந்துருச்சு. மேல ஊர்ல இருந்து இன்னும் வரல, நேர்ல போகணும். ரெண்டு குழியில ஒண்ணு வெட்டியாச்சு. மழையில எடுத்துப் போட்டது அதுல சாணத்தோட அடுக்கிக் கிடக்கு, ஒரு ஆள் ஒசரம் இருந்தது இப்ப முழங்காலுக்கு இறங்கியிருக்கு. பூத்ததை மட்டும் அதுல சேக்கல, தனியா காய வச்சு எரிச்சோம், வெதை எருவோட வயலுக்குப் போயிரக் கூடாதுன்னு.

தம்பி, உங்க ஊர் வாய்க்கால் ஏ, பி, சி, டியில எந்தப் பிரிவுன்னு இன்னும் சொல்லவே இல்ல நீங்க. சர்வே நம்பரை எடுத்துக்கிட்டு விஏஓ ஆபீஸ்ல அ-பதிவேட்டைப் பாத்துட்டு இங்க போடுங்க. எங்க கெழக்கு கிளை வாய்க்கால் ஒண்ணு பதிவேட்டுல வாய்க்காலாவே இல்ல, பாதை புறம்போக்குன்னு இருக்கு, ஆனா நாப்பது ஏக்கர் அதுலதான் பாயுது. அதுக்கு மனு குடுத்து பதினோரு நாள் ஆச்சு.